ஆத்மகேந்த்ரித் ஆய்வுக்கூடம்

பத்மநாபனின் கட்டடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு ஆடியது. நாற்பது விநாடி நன்றாகவே ஆடியது. ஆடி முடித்ததும் புறப்பட்ட இடத்துக்கே வந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி நின்றது. அளந்து பார்த்தார்கள். அரை மில்லிமீட்டர்கூடத் தள்ளவில்லை.

வங்காளத்தின் சால்ட் லேக்கில் இருக்கும் கிழக்கு மண்டல நிலையுறுதி ஆய்வு நிறுவனத்தில், பூமி ஆடுவது மாதிரியே ஆட்டிக் காட்டும் பழைய நடுக்கமேடையின் மேல், ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றில் ஒரு பங்கு உயர மாதிரியை வைத்து நடந்த சோதனை இது. பதினோரு வருட உழைப்பு. முதுநிலை விஞ்ஞானி பத்மநாபனுக்குக் கண் கலங்கியது. யாராவது கைதட்டுவார்கள் என்று கொஞ்சம் இடம் விட்டு நின்றார். பாதுகாப்புப் பிரிவுக்காரர் வந்து படிவத்தை நீட்டினார்.

படிவத்தில் ஒரே கேள்விதான். 'சோதனையின்போது கட்டடம் அசைந்ததா?' பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

"அசைஞ்சுது. ஆனா திரும்பி வந்துடுத்தே!" என்றார் பத்மநாபன், தன் உடைந்த வங்காளியில்.

"திரும்பி வந்ததுக்குக் கட்டம் இல்லையே தாதா," என்று அவர் உண்மையான வருத்தத்தோடு சொல்லிவிட்டு 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

அசைந்த கட்டடம் எதுவும் அந்த நிறுவனத்தின் ஏட்டில் தேறியதாக வரலாறு இல்லை. வாசலில் உள்ள முத்திரையில் ஒரு மலையும், அதன் கீழே 'அசலம்' என்ற சொல்லும் பொறித்திருக்கிறது. அசையாதது என்று பொருள். நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள் அதை ஒரு அறிவுரையாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்மநாபன் செய்தது இதுதான். சாதாரணக் கட்டடத்தை அஸ்திவாரத்தோடு இறுக்கிக் கட்டுகிறோம். பூமி ஆடும்போது அது விறைத்துக்கொண்டு நிற்கும். தாங்காதபோது உடையும், இல்லையென்றால் ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே நின்றுவிடும். அப்புறம் அதில் குடியிருக்கவும் முடியாது, விட்டுவைக்கவும் முடியாது. பத்மநாபனின் சுவர் அஸ்திவாரத்தில் ஒட்டவே இல்லை, சும்மா மேலே உட்கார்ந்திருக்கும். உச்சியிலிருந்து அடிவரை, நடுவில், முறுக்கேற்றி இழுத்த எஃகு வடங்கள். பூமி ஆடினால் சுவர் ஒரு குதிகாலைத் தூக்கும், பிறகு மறு குதிகாலைத் தூக்கும். வடங்கள் அதை இழுத்துப் பழைய இடத்திலேயே உட்கார வைத்துவிடும்.

இதை அவர் டைரக்டர் மிருணாள் லாஹிரிக்கு அறுபத்திரண்டு ஸ்லைடுகளில் விளக்கியிருந்தார். நாற்பதாவது ஸ்லைடில் லாஹிரி கண்ணை மூடினார். ஐம்பதாவதில் கழுத்து சாய்ந்தது. அப்போதுதான் பக்கத்து நாற்காலியிலிருந்து மஹாதேவன் பேசினான்.

"தாதா, எங்க தஞ்சாவூர்ல ஒரு பொம்மை உண்டு. எந்தப் பக்கம் தட்டினாலும் எழுந்து உக்காந்துடும். அவ்வளவுதான் இது."

லாஹிரி கண்ணைத் திறந்தார். "ஆரே பாபா! இதை முதல் ஸ்லைடுலேயே சொல்லியிருக்கலாமே! பிரமாதம், மஹாதேவ்!"

அன்றிலிருந்து நிறுவனத்தில் அந்தச் சுவருக்கு 'மஹாதேவனின் பொம்மை' என்று பெயர். அந்தப் பொம்மை எழுந்து உட்காருவது அடி கனத்தால். இந்தச் சுவர் திரும்பி வருவது வடத்தால். இரண்டுக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. அதைச் சொல்லப் பத்மநாபன் வாயெடுப்பதற்குள் டீ வந்துவிட்டது.

இந்த மஹாதேவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்மநாபனும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே பதவி, ஒரே குவார்ட்டர்ஸ். பத்மநாபன் மூன்றாவது மாடி. மஹாதேவன் நாலாவது மாடி. வீடு ஒதுக்கிய குலுக்கலில் அப்படி விழுந்தது, ஆனாலும் பத்மநாபன் இருபத்திரண்டு வருடங்களாக அதை ஒரு சகுனமாகவே பார்த்து வந்தார். அவருடைய தலைக்கு மேல்தான் எப்போதும் மஹாதேவன் நடந்துகொண்டிருந்தான்.

பத்மநாபன் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். அவருடைய வங்காளி இன்னும் காய்கறிக் கடையைத் தாண்டவில்லை. மஹாதேவனின் தாத்தா காலத்திலேயே குடும்பம் இங்கே லேக் கார்டன்ஸில் வேரூன்றிவிட்டது. வாயில் வைக்காத இலிஷ் மீனைப் பற்றி, இந்த மழைக்கு ருசி எப்படி, முட்டை வைத்ததா இல்லையா என்று அரை மணி நேரம் பேசுவான். லாஹிரி அவனை உரிமையோடு 'துமி', நீ என்பார்; பத்மநாபனை 'ஆப்னி', நீங்கள் என்பார். மரியாதைதான். அந்த மரியாதை ஒவ்வொரு முறையும் பத்மநாபனின் வயிற்றை எரித்தது.

மஹாதேவனின் ஆராய்ச்சி விரிசல். எங்காவது பூமி அசைந்தால் ஒரு டார்ச்சும் அளவுகோலுமாகக் கிளம்பிப் போய், சுவரில் விழுந்த விரிசலை அளந்து, படம் பிடித்து, அறிக்கை எழுதுவான். அவன் இதுவரை ஒரு நாய்க்கூண்டுகூடக் கட்டியதில்லை என்பது பத்மநாபன் வீட்டில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு புள்ளிவிவரம்.

இருவருக்கும் நடுவே இப்போது ஒரு நாற்காலி வந்திருந்தது. தலைமை விஞ்ஞானி ஓய்வு பெற்றுவிட்டார். ஒரு இடம், இரண்டு பேர். அதில் உட்காருகிறவர் கையெழுத்துப் போட்டால்தான் எந்த மாதிரியும் நிஜக் கட்டடமாக எழும்ப முடியும். போடாவிட்டால் பத்மநாபனின் சுவர் கிடங்கில் தூசி படியும். நாலு வருடத்தில் அவரும் ஓய்வு பெறுவார். ஆகவே நாற்காலி தன் சுவருக்காகத்தான் வேண்டும் என்று அவர் மனைவி விஜயாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மஹாதேவனுக்குக் கிடைக்கக் கூடாது என்பதை அவர் தனியாகச் சொல்லவில்லை. அது தானாகவே தெரிந்தது.

அந்தப் பதவிக்கான தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு ஒரு சின்ன நிலநடுக்கம் வந்தது. மின்விசிறி ஊசலாடும் அளவுக்கு, அவ்வளவுதான். நிலநடுக்கத்தின்போது மேஜைக்கு அடியில் புக வேண்டும் என்று நாடெங்கும் சுவரொட்டி அடித்து ஒட்டிய நிறுவனம் அது. அங்கிருந்த அத்தனை பேரும் படிக்கட்டில் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு புல்வெளிக்கு ஓடினார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவர் டைரக்டர்.

பத்மநாபன் மட்டும் ஆய்வுக்கூடத்தில் தன் மாதிரியின் எதிரே நின்றார். 'ஆடு, கொஞ்சம் ஆடேன்' என்று மனதுக்குள் கெஞ்சினார். அந்த அளவு நடுக்கத்துக்குச் சுவர் குதிகாலைத் தூக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது அப்படியே நின்றது.

மாலையில் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். லாஹிரியின் அறைச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. ஏசி ஒழுகி ஏழு வருடமாக இருக்கிற விரிசல். மஹாதேவன் அதன் பக்கத்தில் நின்று அளவுகோலை வைத்து, அழகான வங்காளியில் நாலு நிமிடம் பேசினான்.

"உங்க கட்டடத்தை யாரும் படம் பிடிக்கலையா?" என்று விஜயா டிவியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எதைப் பிடிப்பான்? உடைஞ்சாத்தானே படம். ஒண்ணும் ஆகாததை எப்படிப் படம் பிடிக்கறது?" என்றார் பத்மநாபன். அன்று அவருக்கு மோர் சாதம்கூட இறங்கவில்லை.

ராஜபாஷா ஆய்வு, அதாவது அலுவல் மொழிச் சோதனை, அதற்கு அடுத்த வாரம் வந்தது. எல்லா அறைகளின் பலகைகளும் வங்காளி, ஹிந்தி, ஆங்கிலம் என மூன்று மொழியிலும் இருக்க வேண்டும். பத்மநாபனின் கூடத்துக்கு ஆங்கிலத்தில் 'செல்ஃப் சென்டரிங்' ஆய்வுக்கூடம் என்று பெயர். தானே தன் மையத்துக்குத் திரும்புவது என்று பொருள். ஹிந்தி அதிகாரி தேவிப்ரியா அங்கீகரிக்கப்பட்ட சொற்பட்டியலைப் புரட்டினாள். அந்தச் சொல் இல்லை. அதற்கு மிகவும் பக்கத்தில் இருந்த சொல் 'ஆத்மகேந்த்ரித்'. அதையே எழுதி, கீழே பத்மநாபனின் பெயரையும் எழுதி மாட்டிவிட்டார்கள்.

ஹிந்தியில் ஆத்மகேந்த்ரித் என்றால் தன்னையே மையமாக நினைத்துக்கொண்டு திரிகிறவன். தன்னலக்காரன். வங்காளியிலும் கிட்டத்தட்ட அதே சொல், அதே பொருள். ஆங்கிலம் மூன்றாவது வரியில் சின்னதாக இருந்தது. போகிற வருகிற ஆட்கள் எல்லாம் நின்று படித்தார்கள். கேன்டீன்காரர் இரண்டு முறை வந்து படித்தார்.

"இது தப்பும்மா," என்றார் பத்மநாபன்.

"தப்புதான் சார். எனக்கே தெரியும்," என்றாள் தேவிப்ரியா. "ஆனா பட்டியல்ல இல்லாத சரியான வார்த்தையை எழுதினா காலாண்டு அறிக்கையில குறை வரும். பட்டியல்ல இருக்கற தப்பான வார்த்தைக்கு வராது."

பலகையோடு போயிருந்தால் பத்மநாபன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பார். ஆனால் பதவி உயர்வுக்கான சுருக்கத்தாளும் தேவிப்ரியாவின் மேஜைக்குத்தான் போனது. முன்பெல்லாம் அதில் 'பணி' என்று ஒரு பத்தி, 'பண்பு' என்று ஒரு பத்தி. காகிதத்தைச் சிக்கனப்படுத்தச் சொல்லி அந்த வருடம் ஆணை வந்ததால் இரண்டையும் சேர்த்து 'விவரம்' என்று ஒரே பத்தியாக்கியிருந்தார்கள். பத்மநாபனின் பெயருக்கு எதிரே ஒரே சொல்: ஆத்மகேந்த்ரித்.

தாள் தில்லிக்குப் போனது. அங்கே ஒருவர் அதைத் திரும்பவும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 'அலுவலர் தன்னலக்காரர்' என்று வந்தது.

நகல் கைக்கு வந்ததும் பத்மநாபன் அவசரமாக அடுத்த வரியைப் பார்த்தார். மஹாதேவனின் விரிசலுக்கும் ஏதாவது ஆகியிருக்கும், பிளவு உண்டாக்குகிறவர் என்றாவது வந்திருக்கும் என்று ஒரு நப்பாசை. 'குறைகளைத் துணிந்து வெளிக்கொணர்பவர்' என்று வந்திருந்தது. மொழிபெயர்ப்புகூட அவனுக்குத்தான் வளைந்து கொடுத்தது!

வீட்டுக்கு வந்து குதித்தார். "இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்! என்னைப் போய்த் தன்னலக்காரன்னு எழுதியிருக்கான். அவனுக்கு மட்டும் துணிச்சல்காரன்னு சர்டிபிகேட்!"

விஜயா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஏன்னா, ஒண்ணு கேக்கறேன். இதுல உங்களுக்கு எது ஜாஸ்தி வலிக்கறது? உங்களுக்கு எழுதினதா, மஹாதேவனுக்கு எழுதினதா?"

"ரெண்டும்தான்!"

"அப்போ வார்த்தை ஒண்ணும் ரொம்பத் தப்பில்லை," என்றாள் அவள், தண்டைக் கிள்ளிப் போட்டபடி.

பத்மநாபன் மேல்முறையீடு செய்தார். நிறுவனத்தில் எல்லாவற்றுக்கும் குழு உண்டு. இதற்கு 'அலுவலர் பண்புத் தெளிவுக் குழு' என்று புதிதாக ஒன்றை அமைத்தார்கள். தலைவர் லாஹிரி. உறுப்பினர் செயலர் தேவிப்ரியா. மூன்றாவது உறுப்பினர் இடம் காலி; அவர் வராததால் போதிய ஆள் எண்ணிக்கை இல்லாமல் கூட்டம் இரண்டு முறை தள்ளிப்போனது, பிறகு காலி இடமே வந்ததாகக் கருதப்பட்டது.

"பத்மநாபன் பாபு," என்று லாஹிரி கனிவாக ஆரம்பித்தார். "இந்த நிறுவனம் முப்பத்தெட்டு வருஷமா ஒரு அங்குலம் நகர்ந்ததில்லை. அதுதான் நம்ம சாதனை. எத்தனை மந்திரி வந்தாங்க, எத்தனை சீர்திருத்தம் வந்தது! நாம உறுதியா நின்னோம். எதையும் செய்யாம நின்னோம். இதுக்கெல்லாம் கூட்டு மனப்பான்மை வேணும். தன்னலக்காரன் ஒருத்தன் உள்ளே புகுந்தா ஏதாவது செய்ய ஆரம்பிச்சுடுவான்."

"சார், தன்னலம்ங்கறது நான் இல்லை. சுவர். சுவர்தான் தன் மையத்துக்குத் திரும்பும்."

"சுவர் தன்னலமா இருக்கலாம்னு சொல்றீங்களா?"

"இல்லை சார். சுவருக்கு நலமே கிடையாது."

"குறிச்சுக்கோ," என்றார் லாஹிரி தேவிப்ரியாவிடம். "சுவருக்கு நலம் இல்லைன்னு வடிவமைச்சவரே ஒப்புக்கொண்டார்."

"அது வெறும் மொழிபெயர்ப்புத் தவறு சார். இதோ, மேடமே சொல்லுவா."

தேவிப்ரியா எழுந்து நின்றாள். "தவறுதான் சார். ஆனா தாள் தில்லியில ஏற்கப்பட்டுடுச்சு. ஏற்கப்பட்ட தவறைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை. அலுவலர் தன்னலக்காரர் இல்லைன்னு நிரூபிச்சா, தவறு தானா செயலிழந்துடும்."

வழி கண்டுபிடித்தார்கள். அதே துறையில், அதே பதவியில் இருக்கும் ஒரு சக விஞ்ஞானி, பத்மநாபன் தன்னலமற்றவர் என்று சொந்தக் கையால் சான்று எழுதித் தர வேண்டும். அதே துறையில் அதே பதவியில் இருந்த சக விஞ்ஞானி ஒரே ஒருவன்தான்.

அன்று சாயங்காலம் பத்மநாபன் பதினெட்டுப் படி ஏறினார். இருபத்திரண்டு வருடங்களில் கொலுவுக்கும் பால் பாக்கெட் மாறிப்போனதற்கும் தவிர அவர் அந்தப் படிகளில் ஏறியதில்லை. கதவைத் தட்டக் கையைத் தூக்கி, இரண்டு முறை இறக்கினார்.

"வாடா பத்து! வா வா, உக்காரு. மிஷ்டி சாப்பிடு," என்று மஹாதேவன் சந்தேஷ் இனிப்புத் தட்டை நகர்த்தினான்.

விஷயத்தைச் சொல்லி முடிக்கப் பத்மநாபனுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. தன் எதிரியிடம், அதுவும் அதே நாற்காலிக்கு நிற்கிறவனிடம், 'நான் நல்லவன் என்று எழுதிக் கொடு' என்று கேட்பதற்குத் தமிழில் கௌரவமான வாக்கியம் இல்லை. மறுப்பான் என்று எதிர்பார்த்தார். கொஞ்சம் ஆசையோடும் எதிர்பார்த்தார். மறுத்தால் ஆயுள் முழுக்க வைத்துத் திட்டிக்கொண்டிருக்கலாம்.

"இவ்வளவுதானா? இதுக்கா வாசல்ல நின்னு யோசிச்சே? நிழல் தெரிஞ்சுது," என்று மஹாதேவன் அப்போதே பேனாவை எடுத்தான்.

முழுதாக ஒன்றரைப் பக்கம் எழுதினான். பத்மநாபன் படித்துப் பார்த்தார். 'இத்தனை ஆண்டுகளில் இந்த நிறுவனத்தில் எத்தனையோ ஆட்டங்களைப் பார்த்தோம். பத்மநாபனை எந்தப் பக்கம் தள்ளினாலும் தன் இடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்து வேலையைத் தொடருவார். அந்தச் சுவர் முழுக்க அவருடையது. பொம்மை என்று நான் சொன்னது அறிவில்லாத பேச்சு. தலைமை விஞ்ஞானி பதவிக்கு அவரைவிடத் தகுதியானவர் இங்கே யாருமில்லை, நான் உட்பட.'

பத்மநாபன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நன்றி என்று சொன்னாரா இல்லையா என்று அவருக்கே நினைவில்லை. படி இறங்கும்போது ஒரே ஒரு எண்ணம்தான். இதே கடிதத்தை அவன் என்னிடம் கேட்டிருந்தால்? ஒன்றரைப் பக்கம் வேண்டாம், ஒன்றரை வரி எழுதியிருப்பேனா? விடை தெரிந்ததும் அவருக்கு மஹாதேவன் மேல் முன்பைவிடப் பொறாமை வந்தது. இதுவரை அவனுடைய மாடியையும் வங்காளியையும் பார்த்துத்தான் வயிறெரிந்திருந்தார். இப்போது அவனுடைய மனசைப் பார்த்து எரிந்தது.

குழு மறுபடி கூடியது. லாஹிரி கடிதத்தை உரக்கப் படித்தார். 'நான் உட்பட' என்ற இடத்தில் நிறுத்தினார். கைக்குட்டையை எடுத்தார்.

"பார்த்தியா தேவிப்ரியா? போட்டியில நிக்கற ஒருத்தர் இப்படி எழுதறார். எப்பேர்ப்பட்ட மனசு! இப்படி எழுதத் தெரிஞ்சவர்தான் தலைமைக்கு வரணும்."

ஆணை அடுத்த திங்கட்கிழமை வந்தது. மூன்று பத்திகள்.

'ஒன்று: திரு. பத்மநாபன் தன்னலமற்றவர் என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டது. தன்னலமற்றவர் பதவியை விரும்பமாட்டார் ஆதலால், அவருடைய விண்ணப்பம் விலக்கிக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படுகிறது.

இரண்டு: எந்தப் பக்கம் தள்ளினாலும் தன் இடத்துக்கே திரும்பி வருபவர் என்று ஆவணச் சான்று உள்ளபடியால், அவர் தன் பழைய இடத்திலேயே தொடர்வார்.

மூன்று: திரு. மஹாதேவன் தலைமை விஞ்ஞானியாக நியமிக்கப்படுகிறார்.'

பத்மநாபன் ஆணையை மேஜை மேல் வைத்து, அதன் மேல் காகிதக் கனத்தை வைத்தார். நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். அதே நாற்காலி, அதே இடம், அரை மில்லிமீட்டர்கூடத் தள்ளவில்லை.

மதியம் ஒரு கோப்பு வந்தது. தலைமை விஞ்ஞானியின் முதல் கையெழுத்து. நிறுவனத்தின் பின்புறக் காலியிடத்தில் ஆறு மாடிக் கட்டடம், ஆடித் திரும்பும் சுவர்களோடு, முழு உயரத்தில் கட்டலாம் என்று அனுமதி. வடிவமைப்பும் பொறுப்பும் பத்மநாபன். பதினோரு வருடம் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கோப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். திரும்ப ஒரு முறை, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். தேடிக்கொண்டிருந்தது மஹாதேவனின் பெயரை. கையெழுத்தைத் தவிர எங்கேயும் இல்லை. திட்டத்தின் பெயரே 'பத்மநாபன் சுவர்' என்று போட்டிருந்தான். ஒரு இடத்திலாவது தன் பெயரை நுழைத்திருந்தால் நிம்மதியாகக் கோபப்பட்டிருக்கலாம். பாவி, அதற்கும் வழி வைக்கவில்லை.

தலைக்கு மேலே, மாடி அறையில், புது மேஜையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. தலைமை விஞ்ஞானியின் அறையும் மேலேதான்.

கதவருகே தேவிப்ரியா வந்து நின்றாள். கையில் ஒரு கடிதம், முகத்தில் சந்தோஷம்.

"சார், சொற்பட்டியல் கமிட்டி பதில் போட்டிருக்கு. உங்க சுவருக்குச் சரியான வார்த்தை தந்துட்டாங்க. தானே தன் இடத்துக்குத் திரும்பறதுன்னு அர்த்தம் வரும், மனுஷங்களுக்குப் பொருந்தாது. இன்னிக்கே பலகையை மாத்திடட்டுமா?"

பத்மநாபன் எழுந்து வெளியே வந்து பலகையைப் பார்த்தார். மேலே அந்தச் சொல், கீழே தன் பெயர். மாடியில் மஹாதேவன் யாரிடமோ வங்காளியில் சிரித்துப் பேசுவது கேட்டது.

"வேண்டாம்மா," என்றார். "சுவருக்குத் தனியா ஒரு பலகை எழுதிடு. இது இங்கேயே இருக்கட்டும்."